‘வேதேத்தி’ என்ற முதனிலை ஸ்லாவிய வினை: ஓர் ஐயம்

குழு நண்பர்களுக்கு வணக்கம். ‘அறிதல்’ என்னும் பொருளில் மீட்டுருவாக்கப்படும் ‘வேதேத்தி’ என்ற முதனிலை ஸ்லாவிய (ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் மூதாதையான மொழியின்) வினையைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதி வருகிறேன். இதன் வேர், காணுதலைக் குறித்த இந்தோ-ஐரோப்பிய ‘வெய்த்’. ‘கண்டிருக்கிறேன், ஆகவே அறிவேன்’ என்ற பொருள்மாற்றம் கிரேக்க ‘ஒய்த’விலும் சமஸ்கிருத ‘வேத’விலும் தெளிவாகத் தெரிகிறது. நாம் அன்றாடம் சொல்லும் ‘வேதம்’ இவ்வினைக்கு உறவு என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

‘அறிவேன்’ என்பது போலிஷில் ‘வியெம்’, செக்கில் ‘வீம்’, ஸ்லொவேனியத்தில் ‘வேம்’. ரஷ்யனிலோ ‘ஸ்னாத்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, ‘வேதத்’ பழநடைச் சொல்லாக ஒதுங்கிவிட்டது. சூனியக்காரியைக் குறிக்கும் ‘வேத்மா’வில் வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. (கரடியைக் குறிக்கும் ‘மெத்வேத்’ இக்குடும்பம் அன்று, அது ‘தேன் உண்பது’.)

என் ஐயங்கள் இரண்டு. ஸ்லாவிய மொழிகளுள் முதலில் எழுதப்பட்ட பழைய ஸ்லாவோனிக்கில், ‘அறிவேன்’ என்னும் ‘வேமி’யுடன் அருகி வரும் ‘வேதே’ என்ற தன்மை ஒருமை வடிவத்தை, ‘கண்டேன்’ என்னும் லத்தீன் ‘வீதீ’யைப் போல ‘-அய்’ ஈற்றிலிருந்து வந்ததாகக் கொள்வதை இன்றைய அறிஞர்கள் ஏற்கிறார்களா? ‘அவர் வந்தது தெரியும்’, ‘அவரைத் தெரியும்’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குப் போலிஷ் ‘வியெம்’, ‘ஸ்னம்’ என இரண்டை வைத்திருக்க, ரஷ்யன் அந்த வேறுபாட்டைக் கைவிட்டது ஏன்?

ஸ்லாவிய மொழிகளைப் பயின்றவர்கள், படிக்க வேண்டிய நூல்களையும் சேர்த்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.