கல்லூரியில் உறுப்பு தான விழிப்புணர்வு: படிவம் வாங்குவதைத் தாண்டி என்ன செய்யலாம்?

மல்லி_என்எஸ்எஸ்

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறேன். போன வருடம் எங்கள் கல்லூரியில் உறுப்பு தான முகாம் நடந்தது. நடந்தது என்றால், கலையரங்கில் நானூறு பேரை உட்காரவைத்து, வந்தால் வருகைப்பதிவு உண்டு என்று சொல்லி, ஒன்றரை மணி நேரம் பேச்சு, கடைசியில் ஆளுக்கொரு உறுதிமொழிப் படிவம். சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் எல்லோரும் இரண்டே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். அவற்றை எண்ணி அடுக்கியது நான்தான். ரத்த வகை என்ற இடத்தில் ஒருவன் "சிவப்பு" என்று எழுதியிருந்தான். சாட்சிக் கையெழுத்தைப் பக்கத்து நாற்காலிக்காரன் போட்டிருக்கிறான், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கட்டு இன்னும் எங்கள் அறை பீரோவில் கிடக்கிறது, அதன்மேல் கோலப்போட்டிக்கு வாங்கிய கலர்ப்பொடி.

இந்த வருடம் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. தோழிகளிடம் சும்மா பேசிப் பார்த்தேன். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் பார்வை இருக்காதாமே என்கிறாள் ஒருத்தி. உறுப்பு தான கார்டு வைத்திருந்தால் விபத்தில் அடிபட்டுப் போகும்போது டாக்டர்கள் காப்பாற்ற மாட்டார்களாமே என்கிறான் ஒருவன். நாடகம் போடலாம், கண்ணப்ப நாயனார் கதை என்று ஒரு யோசனையும் வந்தது. கண்ணப்பர் உயிரோடு இருக்கும்போதே அம்பால் கண்ணைத் தோண்டியவர், அதைப் பார்த்தால் இருக்கிறவர்களும் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

சரி, முதலில் நம் வீட்டில் சொல்வோம் என்று அம்மாவிடம் ஆரம்பித்தேன். "விளக்கு வைக்கிற நேரத்துல பேசுற பேச்சா இது" என்று கரண்டியோடு வந்தார். அதோடு விட்டுவிட்டேன்.

கண், உறுப்பு, முழு உடல் மூன்றும் ஒன்றா, வேறு வேறா? மாணவர்களிடம் எதைச் சொல்ல வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐசியு_வாசல்

தங்கச்சி, நான் ஓர் அரசு மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். ஐசியு வாசலில் நின்று குடும்பத்தாரிடம் பேசுவதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பீரோவில் இருக்கிற கட்டால் யாருக்கும் பயன் இல்லை. நீங்கள் நிரப்புவது 7-ஆம் எண் படிவம், அது உங்கள் விருப்பம். நேரம் வரும்போது நாங்கள் கையெழுத்து வாங்குவது 8-ஆம் எண் படிவத்தில், அது குடும்பத்தாரின் சம்மதம். அவர்கள் வேண்டாம் என்றால் நடைமுறையில் நாங்கள் தொடவே மாட்டோம், பையில் பத்து கார்டு இருந்தாலும். 1994 உறுப்பு மாற்றுச் சட்டமே சாட்சிகளில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்கிறது, பக்கத்து நாற்காலிக்காரன் போதாது.

அடுத்து, யாரால் எதைக் கொடுக்க முடியும். வீட்டில் படுத்த படுக்கையாக இருந்து இறந்தால் இதயமோ சிறுநீரகமோ எடுக்க முடியாது, ரத்த ஓட்டம் நின்றதும் அவை கெட ஆரம்பித்துவிடும். மூளைச்சாவு அடைந்து, ஐசியுவில் வென்டிலேட்டரில், அதாவது செயற்கை சுவாசத்தில், இருப்பவரிடமிருந்துதான் எடுக்கிறோம். அப்படி வருகிறவர்களில் நிறையப் பேர் தலையில் அடிபட்டவர்கள், உங்கள் வயதுப் பையன்கள், பைக், ஹெல்மெட் இல்லை. முகாமில் ஹெல்மெட்டைப் பற்றியும் பேசுங்கள். எங்களுக்கு வேலை குறைந்தால் சந்தோஷம்தான்.

மூளைச்சாவு வேறு, கோமா வேறு. கோமாவில் இருப்பவர் மீளலாம். மூளைச்சாவு என்றால் இறப்பு, வார்த்தை மட்டும் புதிது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு பார்க்கிறது, சோதனைகளை ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து செய்கிறார்கள். அதில் ஒன்று, ஆக்சிஜன் மட்டும் கொடுத்துக்கொண்டு வென்டிலேட்டரைப் பிரித்துவிட்டு, நெஞ்சு தானாக ஒரு தடவையாவது அசைகிறதா என்று நிமிடக் கணக்கில் பார்ப்பது. அந்த நிமிடங்களில் அறையில் யாரும் பேச மாட்டோம். உறுப்பு மாற்று அறுவை செய்கிற டாக்டர் இந்தக் குழுவில் இருக்கக்கூடாது, இதுவும் விதி. கார்டு இருந்தால் காப்பாற்ற மாட்டார்கள் என்ற பையனிடம் இதைச் சொல்லுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் சட்டைப்பையைத் துழாவிக் கார்டு தேட யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

ஆனால் வாசலில் நிற்கிற அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள். "நெஞ்சு ஏறி இறங்குதேம்மா, கை சுடுதே, எப்படி செத்துட்டான்னு சொல்ற?" என்பார். அதற்கு என்னிடம் பதில் உண்டு, ஆனால் உடனே சொல்வதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஒருமுறை இப்படித்தான், அப்பா வாயே திறக்கவில்லை, பெரியவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள், நானும் எழுந்துவிட்டேன். அப்போது ஓரத்தில் நின்ற தங்கை, பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள், "அண்ணன் ஒருநாள் டிவி பாக்கும்போது சொன்னான், எனக்கு ஏதாச்சும் ஆனா எல்லாத்தையும் குடுத்துருங்கன்னு, அம்மாகூட தலையில குட்டுனாங்க" என்றாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனா கேட்டார்.

படிவம் எதுவும் இல்லை. ஒரு வாக்கியம்தான். மாணவர்களை அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் சொல்ல வையுங்கள், அதற்காகக் குட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

பிணவறைக்கு_எதிர்வீடு

ஒரு சந்தேகம், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். 2025-ல் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கி விற்ற கதை வந்ததே. தொண்ணூறுகளில் வில்லிவாக்கத்தையே கிட்னிவாக்கம் என்றார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு மாணவன் எழுந்து, "கடைசியில் பணக்காரனுக்குத்தானே சார் போகும்" என்று கேட்டால் மேடையில் இருப்பவர் என்ன சொல்வார்? எங்கள் கல்லூரியில் ஒருவன் கேட்டான், மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஐசியு_வாசல்

மைக்கைப் பிடுங்கியது தப்பு. கேட்டவன்தான் அந்த அரங்கத்தில் விழித்திருந்த ஆள்.

பள்ளிபாளையத்தில் நடந்தது உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தைக் கடனைக் காட்டி வாங்கியது. அது குற்றம், சட்டமே அதைத் தடுக்கத்தான் வந்தது, தடுக்க முடியாமல் போனதும் நடந்திருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை. இறந்தவரின் உறுப்பு வேறு வழியில் போகிறது. தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியல்படி, ரத்த வகை, பதிவு செய்த வரிசை எல்லாம் பார்த்து ஒதுக்குகிறார்கள். யாருக்குப் போக வேண்டும் என்று கொடுக்கிற குடும்பமும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. சம்மதம் கொடுத்த பிறகு ஆகிற செலவு குடும்பத்தின் தலையில் விழாது.

பணம் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னால் பொய். தனியாரில் இதயமோ நுரையீரலோ மாற்ற லட்சக்கணக்கில் ஆகும், அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கவே வசதி வேண்டும். ஆனால் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கல்லீரல் மாற்று நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்து செய்துகொண்ட கூலிக்காரர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியை மறைத்தால் மீதியையும் நம்ப மாட்டார்கள்.

முதலாண்டு_வெள்ளைக்கோட்

மல்லி, நான் மருத்துவக் கல்லூரி மாணவி, உடல் தானம் பற்றி மட்டும் சொல்கிறேன். இது உறுப்பு தானத்திலிருந்து முற்றிலும் வேறு. உடல் எங்கள் உடற்கூறியல் துறைக்கு வரும், நாங்கள் படிப்பதற்கு. அதனால் முழுதாக இருக்க வேண்டும். உறுப்புகளை எடுத்த உடலோ, பிரேதப் பரிசோதனை செய்த உடலோ எங்களுக்குப் பயன்படாது, கண் மட்டும் எடுத்திருந்தால் பரவாயில்லை. விபத்து, தற்கொலை என்று வழக்கு ஆன எதையும் வாங்க மாட்டார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி போன்ற தொற்று இருந்தாலும் வாங்க மாட்டார்கள். ஆக உங்கள் கல்லூரியில் பத்தொன்பது வயதுப் பையன் "நான் உடல் தானம் செய்துவிட்டேன்" என்று ஸ்டேட்டஸ் போடுவதைவிட, அவன் வீட்டுத் தாத்தாவுக்கு அந்த எண்ணம் இருக்கிறதா என்று கேட்பது மேல்.

வீட்டார் கேட்கிற இன்னொரு கேள்வி, சாம்பல் கிடைக்குமா என்பது. எங்கள் கல்லூரியில் கிடைக்காது, கொடுத்த உடல் திரும்ப வராது. அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் காரியத்தன்று சண்டை வரும். டாக்டர் கொடுத்த இறப்புச் சான்று, இறந்தவர், உடலை ஒப்படைக்கிற உறவினர் இருவரின் ஆதார் நகல், சில இடங்களில் காவல் நிலையக் கடிதம் கேட்பார்கள். எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது, உடல் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள், நேரமானால் சரியாக ஏறாது.

முதல் நாள் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தோம், மரியாதையோடு நடத்துவோம் என்று. எனக்கு அது மனதில் ஒட்டவே இல்லை, ஃபார்மலின் நெடியில் கண் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் மேஜையில் ஒரு பாட்டி. காலைத் துடைக்கும்போது பார்த்தேன், இரண்டாவது விரலில் மெட்டி போட்டிருந்த இடம் மட்டும் குழிந்து, பள்ளமாக இருந்தது. எத்தனை வருடம் போட்டிருந்தாரோ. எங்கள் ஆச்சிக்கும் அதே இடத்தில் அதே பள்ளம். அன்றைக்கு நான் கத்தியைத் தொடவில்லை. அதற்கு அப்புறம் ஒரு வருடம் அவரிடம்தான் படித்தேன்.

திண்ணைப்பேச்சு

கண்ணைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. எங்கள் அப்பா வீட்டில்தான் இறந்தார், விடியற்காலை. கண் வங்கிக்குப் போன் செய்தபோது அவர்கள் சொன்னவை: மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். வந்தவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கோடி போர்த்த வந்த சொந்தக்காரர்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா, விசிறியை நிறுத்தியதில். பெரியப்பா வந்து போட்டுவிடுவார், நான் போய் நிறுத்துவேன், மறுபடி யாராவது போடுவார்கள். கடைசியில் தம்பியை சுவிட்ச் பக்கத்திலேயே நிற்க வைத்தேன். மாணவர்களுக்குச் சொல்வதானால் இந்த மூன்று வேலைகளைச் சொல்லுங்கள், ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் ஃபிரிட்ஜில் ஒட்டிவைப்பார்கள்.

2021-ல் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் இறந்தபோது அவர் கண்களைக் கொடுத்தார்கள், அவர் அப்பா ராஜ்குமாருக்கும் 2006-ல் அப்படியே செய்தார்கள். பசங்களிடம் பேச இது உதவும்.

யாழ்வாசி

எங்கட பக்கம் கண் தானம் பழைய விஷயம். இலங்கையில் ஹட்சன் சில்வா என்ற மருத்துவர் 1961-இல் கண் தானச் சங்கம் தொடங்கினவர், அங்கிருந்து பல நாடுகளுக்குக் கருவிழி போயிருக்கிறது. பௌத்தர்கள் மத்தியில் அது புண்ணியம் என்று ஊறிப்போயிற்று. அடுத்த பிறவியில் பார்வை இராது என்று சொன்ன பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ, அவர்களும் மறுபிறவியை நம்புகிற ஆட்கள்தான்.

ஐசியு_வாசல்

ஒன்று விட்டுவிட்டேன். தேதி வேண்டுமென்றால் செப்டம்பர் 23 வையுங்கள், தமிழ்நாட்டில் அதுதான் உறுப்பு தான நாள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மாணவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள், இருவருமே டாக்டர்கள். அவன் இதயம் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் போனது. உங்கள் மாணவர்கள் அப்போது தொட்டிலில் இருந்திருப்பார்கள், பெயர்கூடத் தெரியாது. 2023-ல் அதே தேதியில்தான் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் அறிவித்தார். தமிழ்நாட்டில் அந்த வருடம் இறந்தபின் உறுப்பு கொடுத்தவர்கள் 178 பேர், 2024-ல் 268 பேர். அரசு மரியாதை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கலெக்டர் வந்து மாலை வைக்கிற ஊரில், ஏன் கொடுத்தாய் என்று அந்தக் குடும்பத்தை யாரும் கேட்பதில்லை.

மல்லி_என்எஸ்எஸ்

எல்லோருக்கும் நன்றி, ஐசியு அக்காவுக்கு ரொம்ப. எங்கள் பொறுப்பாசிரியரிடம் பேசிவிட்டேன். இந்த முறை கலையரங்கம் இல்லை, வகுப்பு வகுப்பாக, நாற்பது பேருக்கு மேல் இல்லாமல். படிவம் கொடுக்கப் போவதில்லை. வீட்டில் சொல்லிவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதி வரவேண்டும், திட்டினால் திட்டையும் அப்படியே எழுதலாம், பெயர் போட வேண்டாம். எத்தனை படிவம் சேர்ந்தது என்று அறிக்கையில் காட்ட வேண்டுமே என்று சார் கொஞ்சம் இழுத்தார், பார்க்கலாம். சந்தேகம் கேட்பவர்களிடம் மைக்கைக் கொடுப்போம்.

நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு அம்மாவிடம் மறுபடி ஆரம்பித்தேன், விளக்கு வைக்கிற நேரம் இல்லை பாருங்கள். மின்விசிறி, பெரியப்பா கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது, "எனக்கு சர்க்கரை இருக்கே, என் கண்ணை எடுப்பாங்களா?" என்றார்.

எடுப்பார்களா அக்கா?

ஐசியு_வாசல்

எடுப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணாடி போட்டவர், புரை நீக்கியவர் எல்லோரும் கொடுக்கலாம். அம்மாவிடம் நாளைக்கே சொல்லிவிடு.