மறு: படகு இழுத்துக்கொண்டு போகும் ஜெனரேட்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

பாய்மரப் படகுக் கையேட்டுக்காக, படகு பின்னால் இழுத்துக்கொண்டு போய் மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டருக்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தீர்கள். வந்த கருத்துகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன். முதலில், 'ஜெனரேட்டர்' என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து முழுக்க விரட்ட வேண்டாம். நம் காதில் அது எண்ணெய் ஊற்றினால் தடதடவென்று ஓடும் இயந்திரம். பாய்மரப் படகிலும் டீசலிலோ பெட்ரோலிலோ ஓடுவதற்கு அந்தப் பேரே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக மின்னாக்கி போதும். இலங்கையில் வழங்கும் 'மின்பிறப்பாக்கி' பொருளில் துல்லியம்தான், ஆனால் முன்னால் இன்னொரு சொல் ஒட்டினால் மூச்சு வாங்கும்.

காற்றில் சுற்றுவது காற்று மின்னாக்கி. அதில் யாருக்கும் சண்டை இல்லை. சிக்கல் படகு தண்ணீரில் இழுத்துக்கொண்டு போவதில்தான். இருபது முப்பது மீட்டர் கயிற்றின் நுனியில் ஒரு சுழலியைக் கட்டிப் படகின் பின்னால் தண்ணீரில் விடுகிறார்கள். படகு ஓட ஓடச் சுழலி சுற்றும், அதோடு கயிறும் சேர்ந்து சுற்றும், கயிற்றின் மறுமுனை பின்புறக் கம்பியில் தொங்கும் மின்னாக்கியைச் சுற்றிவிடும்.

> புனல் மின்னாக்கி என்று வைக்கலாமே. புனல் மின்சாரம் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

கேட்க அழகுதான். ஆனால் படித்த உடனே மனத்தில் அணைக்கட்டு வந்து நிற்கும். அணையில் நீர் ஓடுகிறது, இயந்திரம் நின்ற இடத்தில் நிற்கிறது. இங்கே ஓடுவது இயந்திரம். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. படகு வேகமாகப் போகும்போது சுற்றுகிற கயிற்றை வெறுங்கையால் பிடித்து இழுக்க முடியாது, விரலைச் சுற்றிக்கொள்ளும். அதனால் ஒரு பிளாஸ்டிக் புனலைப் பக்கவாட்டில் கீறி, கயிற்றின் மேல் மாட்டி நழுவ விடுவார்கள். அது கயிற்றோடே போய்ச் சுழலியை மூடிக்கொள்ளும், சுற்று நின்றுவிடும், அப்புறம் இழுத்துக்கொள்ளலாம். புனல் மின்னாக்கியைப் புனல் போட்டு நிறுத்தவும் என்று எழுதினால் கையேடு சிரிப்புக்கு இடமாகும்.

'ஓட்ட மின்னாக்கி' என்று நானே எழுதிப் பார்த்தேன். மின்னோட்டத்தோடு முட்டுகிறது. விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை இழுவை மின்னாக்கி. இயந்திரத்தைப் படகு இழுக்கிறது என்பது ஒரு காரணம். இயற்பியலில் பாய்மத்தின் (நீர், காற்று போன்றவற்றின்) தடைவிசைக்கும் இழுவை என்றே பெயர் என்பது இன்னொன்று, எனக்கு முக்கியமானது இதுதான். இந்த மின்சாரத்துக்கான விலையைப் படகு தன் வேகத்தில் கொஞ்சம் இழந்து கட்டுகிறது. கால் நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) போகலாம், சில நேரம் கூடவும் போகலாம். வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பேரிலேயே இருக்கிறது.

> இழுவை என்றால் 'படம் ஒரே இழுவை' ஞாபகம் வருகிறது.

வரட்டுமே. வேகம் குறைகிறது என்பதுதானே அங்கேயும் புகார்?

கையேட்டில் காற்று மின்னாக்கியா இழுவை மின்னாக்கியா என்ற தேர்வு பற்றிய பகுதியில் பேரைப் பொருத்திப் பார்த்தேன். பின்காற்று 15 நாட், படகு 6 நாட் என்றால் படகின் மேல் படும் காற்று 9 நாட்தான். காற்றின் ஆற்றல் வேகத்தின் கனத்தை (மும்மடியை) ஒட்டியது என்பதால், காற்று மின்னாக்கிக்கு 15 நாட்டில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் இப்போது கிடைக்கும். அதே நேரத்தில் இழுவை மின்னாக்கி மும்முரமாக வேலை செய்யும். நீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு, அதனால் சின்னச் சுழலியே போதும். 12 வோல்ட்டில் இடைவிடாமல் 5 ஆம்பியர் வந்தால் ஒரு நாளைக்கு 120 ஆம்பியர்-மணி. தானியங்கிச் சுக்கான், குளிர்ப்பெட்டி, விளக்கு எல்லாவற்றுக்கும் பல படகுகளில் அது காணும். ஆனால் கன விதி இங்கேயும் உண்டு: படகு 5 நாட்டிலிருந்து 4-க்கு இறங்கினால் விளைச்சல் ஏறத்தாழப் பாதி. நங்கூரம் போட்டால் பூச்சியம். (பலத்த நீரோட்டத்தில் நங்கூரமிட்டால் சுற்றுமே என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: சுற்றும். அப்படிப்பட்ட இடத்தில் நிம்மதியாகத் தூங்க முடியாது.)

பின்பலகையில் பொருத்தி, தண்டை நீருக்குள் இறக்கிவிடும் புது வகைக்கும் இதே பேர் பொருந்தும். பிரிக்க வேண்டிய இடத்தில் கயிற்றிழுவை, தண்டிழுவை என்று சொல்லலாம். கயிற்றிழுவைக்கு எப்போதாவது பெரிய மீன் கடித்து நட்டம் வரும், தண்டிழுவைக்கு மிதக்கும் மரக்கட்டைதான் பயம்.

படகின் சொந்த உந்துசுழலி பாயோட்டத்தில் தானாகச் சுற்றுவதிலிருந்து மின்சாரம் எடுப்பதை 'அச்சு மின்னாக்கி' எனத் தனியே வைப்போம். எஞ்சின் நின்றிருக்கும்போது சுற்றவிட்டால் சில கியர்பெட்டிகளுக்கு உள்ளே எண்ணெய் சரியாகப் போகாது. அந்த எச்சரிக்கை அச்சு மின்னாக்கிக்கு மட்டும் உரியது, இழுவையோடு கலக்கக் கூடாது.

'ஆல்டர்னேட்டர்' பற்றி இந்த மடலில் தொடவில்லை. ஆடலோட்டமா, மாறுதிசை மின்னோட்டமா என்று தொடங்கினால் இன்று முடியாது. இழுவைக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.