கட்டடக் கலைஞர் மீது முறைப்பாடு செய்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பண்டாரவளையிலிருந்து:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சரிவான காணி, கட்டாரிலிருந்து தம்பி அனுப்பும் பணம். மேசன் பாஸின் கைக்கணக்கை மட்டும் நம்பி இறங்க மனம் வரவில்லை, அதனால் முறைப்படி ஒரு கட்டடக் கலைஞரைப் பிடித்தோம். பிளான் அழகாகவே வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு தொடர்பான சிபாரிசு, பிரதேச சபை அனுமதி எல்லாம் கிடைத்தன. இனிமையாகப் பேசும் மனிதர் வேறு.

கூரைத் தகடு வாங்கும்போதுதான் சிக்கல் தொடங்கியது. கூரை, தரை ஓடு, குளியலறைச் சாமான் எல்லாமே அவர் சொன்ன கடையில்தான் வாங்க வேண்டுமாம். வேறு இடத்துச் சரக்குக்குத் தான் பொறுப்பில்லை என்று ஒரே பிடியாக நின்றார். ஒரு நாள் கடைப் பையன் பில்லோடு கடையின் கார்பன் பிரதியையும் சேர்த்துக் கிழித்துக் கொடுத்துவிட்டான். அதன் மூலையில் சிவப்புப் பேனாவால் "சேருக்கு 5%" என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தது. அம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார்.

அதன்பின் மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. கார்த்திகை மழையில் பின்பக்கத் தாங்குசுவர் வயிறு தள்ளியது. பிளானில் தண்ணீர் வடியும் குழாய்கள் இருந்தன, சுவரில் இல்லை. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அந்தப் பக்கமே வரவில்லை. மேற்பார்வைக் கட்டணம் மட்டும் தவறாமல் கேட்கப்பட்டது.

முறைப்பாட்டை எழுத உட்கார்ந்தால் வீட்டில் சண்டை. ஜன்னல் சிறிதானது முதல் சமையலறைப் புகை வரை எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றார் அப்பா. நான் ஒப்பவில்லை. ஜன்னல் நமக்குப் பிடிக்காமல் போனது ஒழுக்கக் குற்றம் ஆகாது. எங்களுக்குத் தெரியாமல் கமிஷன் வாங்கியது, செய்யாத மேற்பார்வைக்குப் பணம் எடுத்தது ஆகிய இரண்டை மட்டும் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நேரே திகதி, ஆதாரம். ஒப்பந்தம், வங்கிச் சீட்டுகள், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதி, அந்தக் கார்பன் தாள். எல்லாம் போட்டோப் பிரதிதான். மூலப் பிரதியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கொழும்பு 7, வித்யா மாவத்தையில் உள்ள இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 1976 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. உறுப்பினர்களுக்கென்று ஒழுக்கக் கோவை வைத்திருக்கிறார்கள். அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது.

ஆனால் அங்கே போனால் பணம் திரும்பிவரும் என்று எண்ண வேண்டாம். அவர் தொழில் செய்த முறையைத்தான் அங்கே பார்ப்பார்கள். பணத்துக்காக மத்தியஸ்த சபைக்குப் போனோம். கடைசித் தவணையை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தவர், அதோடு முறைப்பாட்டையும் வாபஸ் வாங்கச் சொன்னார். அப்பா தலையாட்டப் போனார். நான் விடவில்லை.

நுவரெலியாவிலிருந்து:

அண்ணா, உங்கள் ஆளாவது உண்மையான கட்டடக் கலைஞர். எங்களுக்கு வாய்த்தவர் கடைவாசலில் "ஆர்க்கிடெக்ட்" என்று பெரிய பலகை மாட்டியிருந்தார். 1996 திருத்தச் சட்டத்தோடு உருவான கட்டடக் கலைஞர் பதிவுச் சபையில் விசாரித்தால், அப்படி ஒரு பெயரே இல்லை. அவர் வெறும் படவரைஞர். அப்படியானால் பிளானில் இருந்த முத்திரை? அது வேறொருவருடையது. அந்த உண்மையான கட்டடக் கலைஞரைத் தொலைபேசியில் பிடித்தபோது, "எந்தக் காணி?" என்று என்னிடமே கேட்டார்! காணியைப் பார்க்காமல் முத்திரை குத்திய அவர் மீதுதான் முறைப்பாடு கொடுத்தோம். இப்போது கடைப் பலகையில் "வீட்டுப் படங்கள் வரையப்படும்" என்று இருக்கிறது. பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய எழுத்து இன்னும் தெரிகிறது.

கண்டியிலிருந்து:

நான் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வேலை செய்தவள். பண்டாரவளைத் தம்பி செய்தது சரி, மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஏழு பேர்ச் காணியில் மூன்று மாடி கேட்பார்கள். சரிவை இவ்வளவுதான் வெட்டலாம் என்று நிபந்தனை இருக்கும். 2014 இல் மீரியபெத்தையில் மலை இறங்கியதைப் பார்த்த பிறகும் இரவோடு இரவாக இயந்திரத்தைக் கொண்டுவந்து வெட்டுவார்கள். பிறகு வெடிப்பு வந்தால், கட்டணத்தைக் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு முறைப்பாடு. எங்கள் சேர் கொடுத்த எழுத்து எச்சரிக்கைகளைத் தேடி எடுத்து அடுக்குவதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது.

இன்னொன்று, அந்தத் தாங்குசுவரைக் கணக்கிட்டவர் யார்? பொறியியலாளர் என்றால், சுவரின் கணக்கில் பிழை இருந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் என்று தனி அமைப்பு இருக்கிறது.

பதுளையிலிருந்து:

தமிழில் எழுதினால் எடுத்துக்கொள்கிறார்களா? சத்தியக் கடதாசி வேண்டுமா?

பண்டாரவளையிலிருந்து:

தமிழில்தான் எழுதினேன். ஒப்பந்தமும் பிளானும் ஆங்கிலத்தில் இருந்ததால், தெரிந்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலப் பிரதி ஒன்றும் எழுதி இணைத்தேன். சத்தியக் கடதாசி இதுவரை என்னிடம் கேட்கவில்லை. அனுப்புமுன் அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

அக்கா, சுவரைக் கணக்கிட்டவர் பொறியியலாளர்தான், கணக்கில் பிழை இல்லை. குழாய் வைக்காதது பாஸின் வேலை, அதைக் கவனிப்பது மேற்பார்வை. ஆகவே, சுவர் வயிறு தள்ளியதற்குக் கட்டடக் கலைஞர்தான் காரணம் என்று குற்றம் சாட்டாமல், மேற்பார்வைக்கு வாங்கிய கட்டணத்தை மட்டும் எழுதினேன். சுவரை வேறொரு பாஸை வைத்து மீண்டும் கட்டுகிறோம், இம்முறை குழாய்களை அப்பாவே எண்ணிப் பார்க்கிறார்.

முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதி வேண்டியவர்கள் கேளுங்கள், பெயர்களை அழித்துவிட்டு அனுப்புகிறேன். அவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். விசாரணை முடியும்வரை சொல்லமாட்டேன்.