புதனிலும் செவ்வாயிலும் எடை ஒன்றாக வருகிறதே, கணக்கு தப்பா?

கேள்வி:
கோள்வாரியாக எடை அட்டவணை ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். பூமியில் 60 கிலோ காட்டும் ஆள்தான் அடிப்படை. செவ்வாயின் நிறை புதனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் புதனில் 22.6, செவ்வாயில் 22.7 என்று வருகிறது. எங்கே இடிக்கிறது? விண்வெளி நிலையத்துக்கு ஈர்ப்பு 0 என்று போட்டுவிடலாமா?

பதில் 1:
கணக்கு சரிதான். நிறையை மட்டும் பார்த்தால் இப்படிக் குழப்பும். ஆரத்தையும் பார்க்க வேண்டும். பூமியை 1 என்று வைத்துக்கொண்டு, நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுங்கள்.

செவ்வாய்: 0.107 ÷ (0.532 × 0.532) = 0.378
புதன்: 0.0553 ÷ (0.383 × 0.383) = 0.377

புதன் சிறியது, ஆனால் அடர்த்தி அதிகம். அதன் தரையில் நிற்பவர் மையத்துக்கு அவ்வளவு அருகில் இருக்கிறார். யுரேனஸ் இதற்கு நேர்மாறு: பூமியைப் போல 14.5 மடங்கு நிறை இருந்தும் 60 கிலோ ஆளுக்கு 54 சொச்சம்தான் வரும்.

ஒரு திருத்தம். கிலோ நிறையின் அலகு, அது எங்கே போனாலும் 60தான். மாறுவது நியூட்டனில் சொல்லும் எடை: பூமியில் 589, நிலவில் 97. வீட்டுத் தராசு தன்மேல் விழும் விசையை உணர்ந்து, பூமியின் ஈர்ப்பு முடுக்கமான 9.81-ஆல் வகுத்துக் கிலோவாகக் காட்டுகிறது. அதனால்தான் நிலவில் 9.9 என்று காட்டும். எடைக்கல் வைக்கும் இரட்டைத் தட்டுத் தராசு நிலவிலும் 60தான் காட்டும், கல்லும் அதே விகிதத்தில் எடை குறைவதால். எந்தத் தராசு என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

பதில் 2:
விண்வெளி நிலையத்துக்கு 0 போட வேண்டாம். அது சுமார் 400 கி.மீ. உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் 8.7, அதாவது தரையில் உள்ளதில் 88 சதவீதத்துக்கும் மேல். 400 கி.மீ. உயரக் கோபுரம் கட்டி உச்சியில் தராசை வைத்தால் 53 கிலோ காட்டும். நிலையத்துக்குள் தராசு 0 காட்டுவதற்குக் காரணம், ஆளும் தராசும் நிலையமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பது. வினாடிக்கு 7.7 கி.மீ. பக்கவாட்டு வேகம் இருப்பதால் விழுந்தும் தரையில் மோதுவதில்லை. அட்டவணையில் இரண்டு பத்தி வையுங்கள்: ஈர்ப்பு 8.7, தராசு 0.

பதில் 3:
வாயுக் கோள்களுக்கு அடிக்குறிப்பு இல்லாமல் எண் போடாதீர்கள். வியாழனில் 152 கிலோ என்கிறோமே, அங்கே நிற்கத் தரையே கிடையாது. வளியழுத்தம் 1 பார் (ஏறக்குறைய பூமியின் கடல்மட்ட அழுத்தம்) இருக்கும் மட்டத்துக்கான எண் அது. சனி இன்னும் வம்பு. பதினொரு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றுவதால் நடுப்பகுதி பிதுங்கியிருக்கிறது. நடுக்கோட்டில் சுழற்சியையும் கழித்தால் சுமார் 55 கிலோ, துருவத்தில் 73-க்கு மேல். ஒரே எண்ணில் அடக்கினால் எதுவும் சரியாக வராது.

வெள்ளியில் பலரும் கோட்டைவிடுவது காற்றின் மிதப்பு விசையை. பூமியோடு ஒப்பிட்ட ஈர்ப்பான 0.905-ஆல் பெருக்கி 54.3 என்று எழுதிவிடுவார்கள். அங்கே தரையருகே ஒரு கன மீட்டர் காற்று சுமார் 65 கிலோ. ஆளின் கனஅளவு 60 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 4 கிலோ காற்றை விலக்குகிறார். தராசு 51-ஐ ஒட்டித்தான் காட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் நிலையத்தில் இருப்பவர்களின் நிறையை எப்படி அளக்கிறார்கள்?

பதில் 2:
ஒரு வழி, சுருள்வில் பூட்டிய இருக்கையில் கட்டி ஆடவிடுவது. நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். அலைவு நேரத்தின் வர்க்கத்தை வில் மாறிலியால் (வில்லை ஒரு மீட்டர் நீட்டத் தேவையான விசை) பெருக்கி 39.48-ஆல் (4π²) வகுத்தால் மொத்த நிறை. வில் மாறிலி மீட்டருக்கு 600 நியூட்டன், ஓர் அலைவு 2.2 வினாடி என்று வைத்தால் 73.6 கிலோ. இருக்கை 12 கிலோ என்றால் ஆள் 61.6. நேரத்தில் 0.01 வினாடி பிசகினால் விடையில் சுமார் 0.67 கிலோ போய்விடும், ஆகவே பத்து அலைவுக்கு நேரம் எடுத்துப் பத்தால் வகுப்பது நல்லது. பட்டை தளர்வாக இருந்தால் உடம்பு தனியாக ஆடி எண்ணைக் கெடுக்கும். கை காலை ஒடுக்கி, விறைப்பாக, மூச்சைப் பிடித்து உட்கார வேண்டும்.