கேட்கீப்பர்: 'வாயிற்காப்போன்' பொருந்தாது, 'வாசலாளி' எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மற்ற நிறுவனங்கள் பயனர்களிடம் போய்ச் சேரும் வழியைத் தம் கையில் வைத்திருக்கும் பெரும் இணைய நிறுவனங்களை ஆங்கிலத்தில் 'கேட்கீப்பர்' (gatekeeper) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். தனித்தனியாகப் பதில் எழுதாமல், முக்கியமான கேள்விகளை மட்டும் எடுத்து ஒரே மடலாகத் தருகிறேன்.

> 'வாயிற்காப்போன்' என்று நல்ல பழஞ்சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு ஐயா?

வாயிற்காப்போன் இன்னொருவரின் வாசலில் நிற்கும் ஊழியன். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்பது உள்ளே இருப்பவரின் முடிவு. நாம் பெயர் தேடும் நிறுவனங்கள் அப்படிப்பட்டவை இல்லை. வாசல், அதற்கு வரும் தெரு, உள்ளே இருக்கும் கடைகளில் பாதி என எல்லாமே அவற்றுக்குச் சொந்தம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தில் கேட்கீப்பர் என்ற சொல் இந்தப் பொருளில்தான் வருகிறது. மாதம் 4.5 கோடி பயனர்கள், ஆண்டுக்கு 10,000 வணிகப் பயனர்கள் என்பவை அதிலுள்ள அளவுகோல்களில் சில. 2023 செப்டம்பரில் ஆல்ஃபபெட் (கூகுளின் தாய் நிறுவனம்), அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ் (டிக்டாக்கின் உரிமையாளர்), மெட்டா (முன்பு ஃபேஸ்புக்; வாட்ஸ்அப்பும் இதனுடையதே), மைக்ரோசாஃப்ட் ஆகிய ஆறும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன.

நம் எல்லோர் கைப்பேசியிலும் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் திறந்தவுடன் ஓர் அறிவிப்பு வந்தது. விதிமுறைகள் மாறுகின்றன, பிப்ரவரி 8-க்குப் பிறகு தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது. கீழே பச்சை நிறத்தில் 'ஏற்கிறேன்' பொத்தான். கணக்கை அழிக்க விரும்பினால் உதவிப் பக்கத்துக்குப் போகலாம் என்ற வரியும் அதிலேயே இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கெடுவை மே 15-க்குத் தள்ளிவைத்தார்கள். முன்பு 2016-இல் இதே போன்ற மாற்றம் வந்தபோது, அப்போதிருந்த பயனர்கள் விளம்பரத்துக்காகத் தம் தரவு ஃபேஸ்புக்குக்குப் போவதை மறுக்க 30 நாள் அவகாசம் தரப்பட்டது. 2021-இல் அந்த வாய்ப்பே இல்லை.

அந்த வாரங்களில் பலர் சிக்னலையும் டெலிகிராமையும் இறக்கிப் பார்த்தார்கள். ஆனால் பிள்ளையின் வகுப்புக் குழு வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவும் அதில்தான் வருகிறது. தண்ணீர் லாரிக்காரரும் அதில்தான் பதில் சொல்வார். ஒருவர் மட்டும் வெளியேறி என்ன செய்வது? வாட்ஸ்அப் நிர்வாகம் அந்தப் பொத்தானைத் தைரியமாக வைத்ததற்குக் காரணம் இதுதான். ஏகபோகம் என்றால் நாம் வழக்கமாக விலையேற்றத்தைத்தான் நினைப்போம். காசே வாங்காத சேவையில் விலை ஏறாது; அந்தரங்கம்தான் குறையும். இந்தியப் போட்டி ஆணையமும் 2024 நவம்பரில் இந்த 2021 மாற்றத்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகவே கண்டு, மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தியது, தடையை நீக்கியது. பயனருக்கு உண்மையில் உதவியிருக்கக்கூடியது அந்தத் தடைதான் என்பதால் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

> 'காவலர்' என்பதில் பாதுகாப்பு என்ற நல்ல பொருளும் இருக்கிறதே? ஆப்பிள் பிற செயலிகள் நம்மைப் பின்தொடர்வதைத் தடுக்கவில்லையா?

தடுத்தது. 2021 ஏப்ரல் முதல், 'இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா?' என்று ஐபோன் கேட்க ஆரம்பித்தது, அது பலருக்கும் பயன்பட்டது. ஆனால் பிரான்சின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் இதே ஏற்பாட்டுக்காக ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. நோக்கத்தை அவர்கள் குறை சொல்லவில்லை. நடைமுறைப்படுத்திய விதம் பிற நிறுவனங்களுக்கு ஒரு சுமையாகவும் ஆப்பிளுக்கு வேறு மாதிரியாகவும் இருந்தது என்றார்கள். அந்தரங்கம் என்றால் என்ன, யாருக்கு எவ்வளவு என்பதையும் வாசலின் உரிமையாளரே முடிவுசெய்கிறார். அப்புறம், அதே ஐபோனில் சஃபாரி உலாவியின் இயல்பிருப்புத் தேடலாக (நாம் மாற்றாத வரை தானாகவே வரும் தேடலாக) இருப்பதற்கு கூகுள் 2022-இல் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை சுமார் 2,000 கோடி டாலர். கூகுள் மீது அமெரிக்க அரசு தொடுத்து வாஷிங்டனில் நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது. அந்த வழக்கில்தான் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். வாசலை வாடகைக்கு விடக் காவலரால் முடியாது. எனவே 'காவல்', 'காப்பு' எதுவும் இந்தச் சொல்லில் வர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

> பேசாமல் 'ஏகபோக நிறுவனம்' என்றே எழுதிவிடலாமே.

கூடாது. ஐரோப்பாவில் கைப்பேசிச் சந்தை முழுவதும் ஆப்பிளிடம் இல்லை, ஆண்ட்ராய்டும் இருக்கிறது. ஆனாலும் ஐபோன்காரரிடம் போய்ச் சேர வேண்டிய செயலி ஆப்பிளைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஏகபோகத்தை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருக்கிறது என்பதால்தான் இந்தத் தனிக் கருத்தாக்கமே வந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் சட்டத்தை மொழிபெயர்ப்பவர் திண்டாடுவார்.

> 'வாயிலாளி' நன்றாக இருக்கிறது.

எனக்கும் பிடித்தது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'வாய் இலா' என்று, வாயில்லாதவர் போலக் காதில் விழுகிறது. 'வாசலாளி' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. முதலாளி, பங்காளி, கூட்டாளி வரிசையில் இயல்பாக உட்காருகிறது, உடைமையும் அதிகாரமும் ஆளியிலேயே வந்துவிடுகின்றன. மேலாண்மை, வேளாண்மை போல 'வாசலாண்மை' என்று அந்த அதிகாரத்துக்கும் பெயர் கிடைக்கிறது. வாசல் பேச்சுவழக்கு, வாயில்தான் செந்தமிழ் என்று இன்னொரு மடலில் படித்தேன். வாசற்படி, தலைவாசல் எல்லாம் எழுத்தில் காலங்காலமாகப் புழங்குபவைதானே.

வாக்கியத்தில் தாங்குகிறதா என்று பார்த்தேன்:

"ஒரு சேவையில் திரட்டிய தனிநபர் தரவை, பயனரின் ஒப்புதல் இல்லாமல், தன் மற்றொரு சேவையின் தரவோடு வாசலாளி இணைக்கக் கூடாது."

"ஒப்புதல் கொடு, இல்லாவிட்டால் சந்தா கட்டு என்ற மெட்டாவின் முறை வாசலாளிக்குரிய கடமையை மீறியது என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் விதித்தது."

இரண்டிலும் உறுத்தவில்லை. இதழியலில் செய்தியைத் தேர்ந்து விடும் ஆசிரியரைக் குறிக்க 'வாயிற்காப்போன்' அப்படியே இருக்கட்டும். அங்கே அது சரி.

இந்தியாவில் 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு கேட்கீப்பர் என்று சொல்லாமல் வேறு நீண்ட பெயர் வைத்திருக்கிறது. அளவுகோல்களும் வேறு. அதற்கும் வாசலாளியைப் போட்டுவிடாமல் தனிச்சொல் தேட வேண்டும்.

மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள், இல்லாவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம். அடுத்து, தன் தளத்தில் தன் பொருளையே மேலே காட்டும் பழக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும். 'தன்முன்னிறுத்தல்' என்று ஒன்று தோன்றுகிறது. தற்பெருமை என்று படிப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்.