சல்பர் ஷீட் போட்ட பெட்டியிலும் சாம்பல் பூஞ்சாணம்: திராட்சையில் மருந்து கேட்காமல் போனதைப் பார்த்தவர்கள் எழுதுங்க

மண்டி_புதுவை:
நாசிக் லோடு. 5 கிலோ பெட்டி, கூலிங் ரூமில் 1 டிகிரியில் மூணு வாரம். மேலே பூஞ்சாணத்தைத் தடுக்கப் போடுற சல்பர் ஷீட் சரியாத்தான் இருந்துச்சு. கொத்துக்கு நடுவில் ஒரே ஒரு பழம் லேசா பழுப்பு. கட்டைவிரலால் தொட்டதும், பிதுக்குப் பருப்புக்கு ஊறவெச்ச மொச்சை மாதிரி தோல் மட்டும் தனியா வழுக்கிக்கிட்டு வந்துச்சு. சுத்தி ஏழெட்டுப் பழத்தைச் சாம்பல் நூல் கட்டிப் போட்டிருக்கு. தோட்டத்திலிருந்து வந்த பூஞ்சாண மருந்துப் பட்டியல்: பூக்கும்போது கார்பன்டசிம், அடுத்து தயோபனேட் மீத்தைல், அறுப்புக்கு முன்னாடி மறுபடி கார்பன்டசிம். "மாத்தி மாத்தித்தான் அடிச்சோம்"னு சொல்றாங்க.

கெடிலக்கரை:
எதை மாத்தினாங்க? தயோபனேட் மீத்தைல் செடிக்குள்ள போனதும் கார்பன்டசிமாத்தான் மாறும். டப்பா ரெண்டு, மருந்து ஒண்ணு. பூஞ்சாணத்தில் அந்த மருந்து போய் ஒட்டுற டியூபுலின் புரதத்தில் 198ஆவது இடம் ஒண்ணு மாறினா ரெண்டுமே பிடிக்காது. அளவை ரெட்டிப்பாக்கினாலும் பிடிக்காது. அடிக்கிறதை நிறுத்தினாலும் அந்தப் பூஞ்சாண ரகம் லேசில் குறையாது, ஏன்னா அந்த மாற்றத்தால் அதுக்குப் பெரிசா நஷ்டம் இல்லை.

பண்ருட்டி_பழக்கடை:
எதுக்கெடுத்தாலும் மருந்துக்கு எதிர்ப்புத் திறன்னு சொல்லாதீங்க. கடலூர் வெயிலில் தள்ளுவண்டியில் கெடுற திராட்சை முக்கால்வாசி ரைசோபஸ் பூஞ்சாணம், இல்லேன்னா கறுப்புப் பொடி உதிர்ற ஆஸ்பெர்ஜில்லஸ். ரைசோபஸ்னா சாறு ஒழுகும், முடி நீளமா நிக்கும், நுனியில் குண்டூசித் தலை மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கும். நீங்க சொல்ற சாம்பல் பூஞ்சாணம், அதான் போட்ரைட்டிஸ், அதுக்கு 30 டிகிரிக்கு மேல வளர்ச்சியே படுத்துடும்.

மண்டி_புதுவை:
பிரிச்சது கூலிங் ரூம் பெட்டி. முதல் வரியைப் படிங்க.

பண்ருட்டி_பழக்கடை:
சரி, 1 டிகிரியில் ரைசோபஸ் வளராது, ஒத்துக்கிறேன். இருந்தாலும் சந்தேகம் வந்தா ரெண்டு பழத்தை ஈரத் துணியோட டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைங்க. பத்து நாளுக்குள்ள சாம்பல் ஏறினா போட்ரைட்டிஸ். நீலப் பச்சைன்னா பெனிசிலியம், அதுவும் குளிரில் வளரும்.

வில்லியனூர்_பேக்கிங்:
இங்க பார்த்தது நேர் எதிர். இறக்கும்போது லாரிக் கதவு ரெண்டு மணி நேரம் திறந்தே கிடந்துச்சு. கடல் காத்து ஈரம் குளிர்ந்த பழத்து மேல வேர்த்து, காம்படியில் வட்டமா வெளுத்துப் போச்சு.

ஷீட்டில் இருக்கிறது சோடியம் மெட்டாபைசல்பைட். ஈரம் பட்டாத்தான் கந்தக வாயு வரும், ஈரம் அதிகமானா ஒரேயடியா வந்து பழத்தை வெளுக்க வெச்சிடும். அதனால பழத்தை முதலில் 4 டிகிரிக்குக் குளிர வைங்க. பெட்டிக்குள்ள விரிச்ச பிளாஸ்டிக் லைனரை மூடுறது அப்புறம். சூடான பழத்து மேல ஷீட் போட்டா அங்கேயே பாதி தீர்ந்துடும். ஷீட் கொத்துக்கு மேலேதான் இருக்கணும், வாயு காத்தைவிடக் கனம், கீழே இறங்கும். பெட்டியை மூடினதும் குலுக்காதீங்க, வெடிச்ச பழத்துச் சாறு ஷீட்டை நனைக்கும். ரூம் பூஜ்யத்தை ஒட்டி, ஈரப்பதம் 90க்கு மேல. அதே ரூமில் கேரட், ஆப்பிள்னு வேற எதையும் அடுக்காதீங்க. வெளியே எடுக்கும்போது பெட்டியை மூடினபடியே விடுங்க, பழம் வெளிச் சூட்டுக்கு வந்தப்புறம் பிரிச்சா வேர்க்காது.

கெடிலக்கரை:
பேக்கிங்கைப் பத்தி இங்க யார் கேட்டாங்க? வாயு தோலுக்கு வெளியே இருக்கிற பூஞ்சாண வித்தைத்தான் கொல்லும். பூவிலேயே உள்ளே போய் உறங்கின நோயை எந்த ஷீட்டும் தொடாது. புதுவைக்காரர் கேட்டது அது.

ஆய்வகம்_தட்டாஞ்சாவடி:
மருந்தைக் குறை சொல்லணும்னா சோதிச்சுட்டுச் சொல்லணும். ஒரே கொத்திலிருந்து பத்துப் பழம் அனுப்புறாங்க. ஒருவேளை அது ஒரே பூஞ்சாணத்தோட பிள்ளைங்களா இருக்கும். தோட்டத்தில் பத்துப் பதினஞ்சு இடத்தில், காஞ்ச பஞ்சுக்குச்சியால் சாம்பலைத் தனித்தனியா ஒத்தி எடுத்து, காகித உறையில் போடுங்க, பிளாஸ்டிக் வேண்டாம். பூஞ்சாணம் வளர்க்கிற ஊடகத்தில் மருந்தைக் கலந்து வெச்சா, வித்து முளைக்குழாய் நீளுதான்னு மறுநாளே தெரிஞ்சிடும். பொஸ்காலிட், அசாக்சிஸ்ட்ரோபின், ஃபென்ஹெக்சமிட் மூணும் வேற வேற விதமா வேலை செய்ற மருந்துக் குழு, ஆனா மூணுக்குமே எதிர்ப்பு பல நாட்டில் பதிவாகியிருக்கு. ஒரு குழுவைப் பருவத்துக்கு ஒரு தடவைக்கு மேல தொடாம இருக்கிறது நல்லது. கொத்தைச் சுத்தி இலை கிள்ளி காத்தோட்டம் விட்டா, அடிக்க வேண்டிய தடவையே குறையும்.

கொத்தைப் பிரிச்சப்ப உள்ளே என்ன இருந்துச்சு?

மண்டி_புதுவை:
நடுக்காம்பில், பூ விரியும்போது உதிர்ந்திருக்க வேண்டிய பூத்தொப்பி தவிடு மாதிரி காஞ்சு ஒட்டியிருந்துச்சு. பழுப்பாகிப்போன அந்தப் பழம் அதை ஒட்டித்தான் இருந்துச்சு.