பத்து மாதக் குழந்தை திடீரென்று தாய்ப்பாலை மறுக்கிறான்: தானாகவே பால் மறந்துவிட்டானா?

கேள்வி (காரைக்குடியிலிருந்து ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பத்து மாதம் நிறைந்து ஆறு நாள்கள் ஆகின்றன. பிறந்தது முதல் தாய்ப்பாலை விரும்பிக் குடித்தவன், கடந்த ஐந்து நாள்களாக மார்பருகே கொண்டு சென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இன்னும் சற்று வற்புறுத்தினால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுகிறான்.

என் மாமனாரின் வயது நிறைவைக் கொண்டாடும் சாந்தி விழாவுக்காகச் சென்னையிலிருந்து புகுந்த வீட்டுக்கு வந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை உறவினர் நிறைந்திருந்த அந்த நாள்களில், பிள்ளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருந்தான். எனக்கோ சமையற்கட்டுக்கும் நடுமுற்றமுள்ள வளவுக்கும் இடையே நடப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. விழா நாளன்று மாலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, புதிதாக முளைத்த மேல் பற்களால் கடித்துவிட்டான். வலி தாங்காமல் நான் கத்திவிட்டேன். அவன் நடுங்கிப்போய் உதட்டைப் பிதுக்கி வெகுநேரம் அழுதான். மறுநாளிலிருந்து குடிக்கவில்லை.

இட்லி, பருப்புச் சோறு, கேப்பைக் கூழ் ஆகியவற்றைப் பாதியளவேனும் சாப்பிடுகிறான். டம்ளரில் தண்ணீர் குடிக்கிறான். ரயிலில் வரும்போது பிடித்த சளி இன்னும் முழுதாக விடவில்லை. என் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும்போது கையால் பீய்ச்சி வெளியேற்றுகிறேன். கணவரின் அப்பத்தா, "தானாகவே பால் மறந்துவிட்டான், உனக்கு வேலை மிச்சம்" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். உறவினர் ஒருவர் பால்மாவு டப்பாவே வாங்கி வந்து வைத்துவிட்டார். இரண்டு வயது வரை கொடுக்க வேண்டும் என்று எண்ணியிருந்த எனக்கு, நான் கத்தியதால்தான் இப்படி ஆயிற்றோ என்று இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. இந்த வயதில் குழந்தை தானாகவே பாலை விட்டுவிடுமா? அவனை மீண்டும் குடிக்க வைக்க வழியுண்டா?

மறுமொழி (தேவகோட்டை, இரண்டு பிள்ளைகளின் தாய்)

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தபோது என் மூத்த மகளின் ஒன்பதாம் மாதம் அப்படியே கண்முன் வந்து நின்றது. அவளும் ஒரு நாள் காலையில் திடீரென்று பாலை நிறுத்தினாள். ஏழாம் நாள் மீண்டும் தொடங்கி, இரண்டே கால் வயது வரை குடித்தாள்.

பிள்ளை தானாகப் பால் மறப்பதற்கும் உங்கள் மகன் செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தானாக மறக்கும் பிள்ளை பெரும்பாலும் ஒரு வயதைத் தாண்டியிருக்கும். இன்று பகல் வேளைப் பால், அடுத்த மாதம் மாலை வேளைப் பால் என்று ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் மெதுவாகக் குறைத்துக்கொள்ளும். அதில் அழுகையோ கோபமோ இருக்காது. நேற்று வரை குடித்துவிட்டு இன்று அலறி மறுக்கும் பிள்ளைக்கு ஏதோ ஒன்று பிடிக்கவில்லை அல்லது எங்கோ வலிக்கிறது என்று பொருள். இத்தகைய மறுப்பு பெரும்பாலும் சில நாள்களில், சில வேளை ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடும்.

கத்தியதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்; பல் பட்டால் யாருக்கும் குரல் வந்துவிடும். பிள்ளை உறிஞ்சி விழுங்கிக்கொண்டிருக்கும்போது அதன் நாக்கு கீழ்ப் பற்களை மூடியிருப்பதால் கடிக்க இயலாது. குடித்து முடித்து விளையாடத் தொடங்கும்போதுதான் கடிக்கும். ஆகவே, விழுங்கும் ஓசை நின்றதும் வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து மெல்ல விடுவித்துவிடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் காயம் பெரிதாகும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். விழாவில் ஜவ்வாதோ அத்தரோ பூசிக்கொண்டீர்களா? சோப்பை மாற்றினீர்களா? பிள்ளைக்கு நம் உடம்பின் மணம்தான் அடையாளம். நான் ஊருக்கு வந்தவுடன் மாமியார் வீட்டுச் சோப்பைப் பயன்படுத்தியதைக்கூட என் மகள் ஏற்கவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். மாதவிலக்கு திரும்பும் நாள்களிலும் பாலின் சுவை சிறிது மாறும். சில பிள்ளைகள் அதையும் கண்டுகொள்ளும்.

எனக்குக் கைகொடுத்தது நம் வீடுகளின் இருட்டறைதான். முற்றத்து வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும் இடத்தில் பத்து மாதப் பிள்ளை எதைத்தான் பார்க்காது? வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கையைத் தளர்த்திப் பிள்ளையை வெற்று மேனியோடு நெஞ்சில் போட்டுக்கொண்டு, பால் என்ற பேச்சையே எடுக்காமல் படுத்திருந்தேன். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி விழிக்கும் நேரமே நல்ல நேரம். மறுத்தால் உடனே விட்டுவிடுங்கள். தலையைப் பிடித்து அழுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மறுமொழி (பள்ளத்தூர், ஓய்வுபெற்ற செவிலியர்)

மகளே, பேறுகாலப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், மேலே தேவகோட்டை சகோதரி சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்பாக ஒன்றைச் செய்யுங்கள். நாளைக் காலையிலேயே குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது, வாய், மூக்கு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சளி விடவில்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது. சளி பிடித்த குழந்தைக்கு நடுக்காதில் சீழ் கோத்துக்கொள்வது அடிக்கடி நிகழ்வது; அப்போது உறிஞ்சும்போது காதுக்குள் அழுத்தம் மாறுவதால் வலி குத்தும், படுக்க வைத்தால் இன்னும் கூடும். டம்ளரில் தண்ணீர் குடிக்கும் பிள்ளை மார்பில் மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வீறிடுகிறதா, காதைப் பிடித்து இழுக்கிறதா, மடியில் நிமிர்த்தி வைத்தால் அழுகை குறைகிறதா என்று பாருங்கள். தயவுசெய்து காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற யாரையும் அனுமதிக்க வேண்டாம். மூக்கடைப்பு இருந்தால் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. அதற்கும் மருந்து உண்டு.

அடுத்தது உங்கள் பால். பிள்ளை குடிக்காத ஒவ்வொரு வேளைக்கும், அதாவது ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, பீய்ச்சி எடுத்தாக வேண்டும். கட்டிக்கொண்ட பிறகு வலிக்காக மட்டும் சிறிது எடுத்தால், பால் தேவையில்லை என்று உடம்பு எண்ணிச் சுரப்பைக் குறைத்துவிடும். மார்பு சிவந்து காய்ச்சல் வரும் அபாயமும் உண்டு. எடுத்த பாலைக் கொட்டிவிடாதீர்கள். சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாளும் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் வெயிலில் வெளியே அவ்வளவு நேரம் வைக்காமல் உடனே குளிரில் வைப்பது நல்லது. எடுத்துக் கொடுக்கும்போது அடுப்பில் நேரடியாகக் காய்ச்சாமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். பாட்டில் வேண்டாம், உழைக்காமல் வாயில் வடியும் ரப்பருக்குப் பழகிய பிள்ளையை மார்புக்குத் திருப்புவது கடினமாகிவிடும். உங்கள் வீட்டில் குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை கட்டாயம் இருக்கும், இல்லையேல் அவன் பழகிய டம்ளரே போதும்.

நாளொன்றுக்கு ஐந்தாறு முறையேனும் சிறுநீர் போகிறானா என்று எண்ணுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் போகாமலிருந்தாலோ, வாய் உலர்ந்து, கண்ணீரின்றி அழுது, சோர்ந்து துவண்டாலோ ஒரு வேளையும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சோறு சாப்பிடுகிறானே, பால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை சொல்கிறேன். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை குழந்தைக்கு வேண்டிய ஆற்றலில் பாதியை அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் இரண்டு வயது வரை மூன்றில் ஒரு பங்கையும் தாய்ப்பால் தர இயலும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரண்டு வயதும் அதற்கு அப்பாலும் தொடரச் சொல்வதும் அதனால்தான். உறவினர் வாங்கி வந்த டப்பாவைப் பிரிக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. பால்மாவு விற்பனையைக் கட்டுப்படுத்தும் 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் மேலேயே தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று அச்சிடப்பட்டிருக்கும். அப்பத்தாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

மறுமொழி (கானாடுகாத்தான், பேரன் பேத்தி எடுத்தவர்)

ஆத்தா, உன் அப்பத்தா வயதில் இருப்பவள் நான். அவர்கள் சொன்னதில் கெட்ட எண்ணம் இருக்காது. எங்கள் காலத்தில் அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியவுடன் பால் மறக்கடித்துவிடுவார்கள். வேப்பிலையை அரைத்துப் பூசுவதும், மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவதும் எல்லா வீட்டிலும் நடந்தவைதான். அதனால் பிள்ளை தானாக விட்டால் அது பாக்கியம் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

உன் மார்பு கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து யாராவது இரக்கப்பட்டு மல்லிகையைக் கட்டச் சொல்வார்கள். அதற்கு மட்டும் இணங்காதே. அது வெறும் நம்பிக்கை இல்லை, உண்மையிலேயே பால் வற்றும். என் மருமகள் மருத்துவம் படித்தவள். வேலூரில் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, பூக்கட்டிய தாய்மார்களுக்குப் பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் இரத்தத்தில் குறைந்தது என்று 1988 இல் எழுதியிருப்பதாக அவள்தான் எனக்குச் சொன்னாள். கட்டியிருக்கும் இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி, மெல்ல நீவிப் பீய்ச்சினாலே இளகிவிடும்.

பிள்ளையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சுவதை இரண்டு நாள் நிறுத்தச் சொல். உன்னால் சொல்ல முடியாவிட்டால் உன் மாமியாரைச் சொல்லச் சொல். அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

மறுமொழி (கோட்டையூர், இப்போது கோவையில்)

நான் சற்று வேறான அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். என் மகன் பதினொன்றாம் மாதம் மறுத்தவன் திரும்பி வரவேயில்லை. மேலே சொல்லப்பட்ட எல்லாவற்றையும் மூன்று வாரங்கள் முயன்றேன். பிறகு முயற்சியை விட்டுவிட்டு, பீய்ச்சிய பாலை அவன் முதல் பிறந்தநாள் கழியும் வரை டம்ளரில் கொடுத்தேன். ஒரு வயதுக்குப் பிறகு பசும்பாலும் சேர்த்துக்கொண்டேன். மார்பில் குடிக்காவிட்டாலும் அவன் குடித்தது என் பால்தான் என்பது அப்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த மூன்று வாரங்களில் என்னை வாட்டியது பிள்ளையின் மறுப்பைவிட, அவன் என்னையே வேண்டாமென்கிறான் என்ற எண்ணம்தான். அவன் அப்படி நினைக்கவில்லை; இரவில் என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் உறங்குகிறான். உங்களுக்கும் அந்த எண்ணம் வந்தால், கணவரிடமோ அம்மாவிடமோ வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர் (ஐந்து நாள்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பள்ளத்தூர் ஆச்சி சொன்னபடி மறுநாளே மருத்துவரிடம் சென்றோம். வலக் காதின் சவ்வு சிவந்து வீங்கியிருப்பதாகச் சொல்லி மருந்து கொடுத்தார். நான் கத்தியதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவர் கூறியபோது அங்கேயே அழுதுவிட்டேன்.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் இரவு, ஏறத்தாழ மூன்று மணிக்கு, உள்ளறை இருட்டில் அரைத் தூக்கத்தில் புரண்டவன் தானாகவே வாய் வைத்துக் குடித்தான். மூச்சுவிடவும் அஞ்சிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். அப்போதிலிருந்து இரவிலும் விடியற்காலையிலும் குடிக்கிறான். பகலில் இன்னும் டம்ளர்தான். ஜவ்வாதையும் விட்டுவிட்டேன். டப்பாவின் மேலிருந்த வரியைப் படித்துக் காட்டியபோது அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல் எனக்குப் பூண்டுக் குழம்பு வைத்துத் தருகிறார்கள்.

ஒரே ஒரு ஐயம். வலப் பக்கம் குடிப்பவன், இடப் பக்கத்துக்கு மாற்றினால் உடனே சிணுங்கி விலகுகிறான். அந்தப் பக்கத்துப் பாலை மட்டும் பீய்ச்சிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் பல்லவன் ரயிலில் சென்னை திரும்ப வேண்டும்.

மறுமொழி (பள்ளத்தூர், ஓய்வுபெற்ற செவிலியர்)

மிக்க மகிழ்ச்சி, மகளே. இடப் பக்கம் கொடுக்கும்போது வழக்கம்போல் இடக் கையில் ஏந்திப் படுக்க வைப்பீர்கள். அப்போது அவனுடைய வலக் காதுதான் உங்கள் கையில் அழுந்தும். நோவு இன்னும் முழுதாக ஆறாததால் விலகுகிறான். வலப் பக்கம் குடித்து முடித்ததும் அவனைத் திருப்பிப் போடாமல், அப்படியே இடப்புறமாக நகர்த்தி, கால்கள் உங்கள் இடது அக்குளுக்குக் கீழே முதுகுப்புறம் நீளும்படி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். இல்லையேல் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுத்து முடித்து, காதை இன்னொரு முறை காட்டிவிட்டு ரயிலேறுங்கள். பயணத்தில் பகல் வேளைக்கு டம்ளரும், பீய்ச்சிய பாலுக்குப் பனிக்கட்டி வைத்த பெட்டியும் கையோடு இருக்கட்டும்.